கொடுமுடியிலிருந்து எழுந்த குரல்

தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்தவர்களுக்குக் கூத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், நல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், கோடைத் திருவிழா வந்துவிட்டால் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்த காலம் நம் பெரியவர்கள் பலரின் நினைவில் இன்றும் உண்டு. அந்தக் கூத்தில் கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்யும் திரௌபதி ஓர் ஆண்மகனே. தவக்காலத்தில் நம் பங்குகளில் நடைபெற்று வந்த பாஸ்கா நாடகங்களிலும் பல ஊர்களில் வெகுகாலம் மாதாவாக வேடமிட்டவர்கள் ஆண்களே. பெண்கள் பார்க்கலாம், கண்ணீர் விடலாம், மேடை ஏறக் கூடாது. இதுவே அன்றைய ஊர் வழக்கம்.

வழக்கத்தை மீறி மேடை ஏறிய பெண்களும் இருந்தனர். அவர்களது ஆட்டத்தையும் பாட்டையும் காணக் கூட்டம் அலைமோதியது. ஆனால் இரவில் கைதட்டிய அதே ஊர், பகலில் அவர்களைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கத் தயங்கியது. நடிகை என்ற சொல்லையே ஏளனமாக உச்சரித்தவர்கள் அன்று மிகப் பலர்.

அப்படிப்பட்ட நாளில் வறுமையின் காரணமாகச் சிறுமியாகவே மேடை ஏறி, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மக்களின் செவியையும் மதிப்பையும் ஒருங்கே பெற்றுத் திகழ்ந்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அந்த மதிப்பை அவர் எவ்வாறு பெற்றார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

காவிரிக் கரையில்

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப் பாதையில், காவிரியின் கரையில் அமைந்துள்ள ஊர் கொடுமுடி. அங்கே 1908 அக்டோபரில் பாலாம்பாள் என்ற ஏழைத் தாய்க்கு மகளாகப் பிறந்தவர் சுந்தராம்பாள். கொடுமுடி, பாலாம்பாள், சுந்தராம்பாள் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகளே பின்னாளில் கே. பி. எஸ். என்று நாடெங்கும் வழங்கலாயின. தாயின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சுமந்தவர் அவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தந்தையின் துணை நெடுநாள் நிலைக்காத குடும்பம் அது. ஒரு தம்பி, ஒரு தங்கை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய் பட்ட பாடு சொல்லி முடியாது. அந்த வீட்டில் இருந்த ஒரே செல்வம் மூத்த மகளின் குரல். ரயில் வண்டியில் பாடிய அச்சிறுமியின் குரலை, தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் கேட்டு வியந்து, நாடகத் துறையில் சேர வழி செய்தார் என்று கூறுவர். நடேச ஐயர் வெறும் ரசிகர் அல்லர். தாமே நாடகங்களில் நடித்தவர். திருச்சியில் 1914-இல் ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்தவர்.

வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுமி சுந்தராம்பாள் சேர்ந்தாள். முதலில் கிடைத்தவை குழந்தை வேடங்கள். அவற்றுள்ளும் பெரும்பாலும் ஆண் பிள்ளை வேடங்கள். பஞ்சத்தில் வாடும் நல்லதங்காளின் மகனாக நின்று பசியைப் பற்றிப் பாடும்போது கொட்டகையே அழுததாம். அந்தப் பாட்டுக்கு வேண்டிய நடிப்பை அவளுக்கு எவரும் கற்பித்திருக்க வேண்டிய தேவையில்லை. பசி அந்தப் பிள்ளைக்குப் பழகிய ஒன்று.

ஒலிபெருக்கி இல்லாத மேடை

அந்நாளைய நாடக மேடையின் இயல்பைச் சிறிது தெரிந்துகொண்டால்தான் அம்மையாரின் குரலுடைய அருமை விளங்கும். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடியில் 1867-இல் பிறந்து, 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய அவருடைய நாடகங்கள் ஊர் ஊராக நடந்தன. வசனத்தைவிடப் பாட்டே அவற்றில் மிகுதி. நடிகர் என்றால் முதலில் பாடகராக இருக்க வேண்டும்.

‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு முறை அப்போது பெருவழக்காக இருந்தது. ஒரே குழுவில் தங்கி ஒத்திகை பார்த்து நடிப்பது அன்று. வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வேலனாக நடிப்பவர் மற்றோர் ஊரிலிருந்தும், நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். அதற்குமேல் அவரவர் திறமை. ஒருவர் ஒரு பாட்டைப் பாடி முடித்துக் கேள்வி ஒன்றை வீசினால், மற்றவர் அக்கணமே பாட்டிலேயே விடை கூற வேண்டும். தடுமாறினால் கூட்டம் எழுந்து கூச்சலிடும். குரலும் நினைவாற்றலும் சொல்வன்மையும் ஒருங்கே தேர்வு செய்யப்பட்ட களம் அது.

ஒலிபெருக்கி பரவலாவதற்கு முந்திய காலம். தகரக் கூரை வேய்ந்த கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் கூலியாளுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, விளங்கவும் வேண்டும். உயர்ந்த சுருதியில் பாடினாலும் சொல் சிதையாமல், ழகரமும் ளகரமும் தத்தம் ஒலி குன்றாமல் பாடும் பயிற்சி அங்கிருந்து வந்தது. திரையில் அம்மையாரின் பாட்டைக் கேட்டவர்கள், ‘எழுத்து எழுத்தாகக் காதில் விழுகிறதே’ என்று வியந்ததற்குக் காரணம் அந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடமே.

கடல் கடந்து கிடைத்த துணை

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிவரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் செல்லத் தொடங்கிய பிறகு, தமிழ் நாடகக் குழுக்களுக்கு இலங்கை அண்டை வீடாயிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் நாடகங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. சுந்தராம்பாளும் இலங்கைக்குச் சென்று புகழ் பெற்றார். அங்கேதான் 1926-ஆம் ஆண்டளவில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது.

கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அண்ணன்மாருடன் மேடை ஏறியவர். கன்னையா கம்பெனி நாடகங்களால் பெரும் புகழ் அடைந்தவர். எட்டாத உச்சியில் நின்று பாடும் அவருடைய குரலுக்கு ஈடில்லை என்பது அக்காலத்தார் கருத்து. ‘அவரோடு சேர்ந்து பாடினால் உன் பெயர் கெடும்’ என்று சுந்தராம்பாளை எச்சரித்தவர்கள் உண்டு என்பர். அந்த எச்சரிக்கை பொய்த்தது. வள்ளியும் வேலனுமாக அவ்விருவர் மேடையில் நின்றபோது ஒருவர் குரல் மற்றவர் குரலை உயர்த்தியதே தவிர மறைக்கவில்லை. 1927-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். செங்கோட்டையில் அவருக்கு முதல் மனைவி இருந்தார். சாதியும் வேறு. ஆதலின் இந்தத் திருமணத்தால் வருந்திய உள்ளங்கள் ஒன்றிரண்டல்ல. மேடையில் இருவரும் சேர்ந்து பெற்ற மகிழ்ச்சியை வீட்டில் நிலையாகப் பெற இயலவில்லை. ஊடலும் பிரிவும், இருவரிடையே சென்ற கடிதங்களும், பிறந்த குழந்தை நிலைக்காமல் போன துயரமும் அந்தச் சில ஆண்டுகளை நிரப்பின. கிட்டப்பாவின் உடல்நலமும் குன்றியது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதிலேயே அவர் காலமானார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

வெண்ணிற ஆடை

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் தம் இறுதி நாள்வரை மாற்றவில்லை. நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராக்க மாலை. மேடையையும் விட்டு விலகினார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

கைம்பெண் வெள்ளை உடுத்த வேண்டும், மூலையில் ஒடுங்க வேண்டும் என்று வற்புறுத்திய பழைய வழக்கத்தை நாம் புகழ்ந்து பேசலாகாது. அவ்வழக்கத்தால் பாழான இளம் வாழ்வுகள் எண்ணிலடங்கா. சுந்தராம்பாளிடம் நாம் காண்பது வேறு. வெள்ளை ஆடையை அவர் தாமே விரும்பி ஏற்றார். ஆனால் அவ்வழக்கம் சொன்ன மூலையில் அவர் கடைசிவரை ஒடுங்கவில்லை. விலகி ஒதுங்குவதற்கு அடையாளமாக ஊர் வைத்திருந்த அந்த ஆடையையே, வேலைக்குப் போகும் ஆடையாக அவர் மாற்றிக்கொண்டார்.

உலகின் மறுகோடியிலும் ஏறத்தாழ இதே துயரத்தைக் கடந்து வந்த நடிகை ஒருவரை இங்கே நினைவுகூரலாம். அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரைச் சேர்ந்த சாரா ஆல்குட் அம்மையார், அந்நகரின் புகழ்பெற்ற ஆபி நாடக அரங்கு 1904 டிசம்பரில் திறக்கப்பட்ட இரவிலேயே நடித்தவர். 1916-இல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது தம்முடன் நடித்த நடிகரை மணந்தார். 1918-இல் பிறந்த பெண்குழந்தை உடனேயே இறந்தது. அதே ஆண்டில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சலுக்குக் கணவரும் பலியானார். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு டப்ளினுக்குத் திரும்பிய அவர், ஷான் ஓ’கேஸி எழுதிய நாடகம் ஒன்றில் 1924-இல் ஜூனோ என்ற ஏழைத் தாயாக நடித்து அழியாப் புகழ் பெற்றார். பின்னர் அமெரிக்கத் திரைப்படங்களிலும் நடித்து, 1941-இல் வெளிவந்த ஒரு படத்தில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துத் தாயாகத் தோன்றி ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். மொழி வேறு, நாடு வேறு. எனினும் சொந்த வாழ்வில் கணவரையும் குழந்தையையும் இழந்த இருவரும், மக்கள் தாயாகக் கண்டு வணங்கும் வேடங்களில் உயர்ந்தார்கள் என்பது சிந்தனைக்கு உரியது.

ஓர் இலட்சம் ரூபாய்

1931-இல் ‘காளிதாஸ்’ படத்துடன் தமிழ் பேசும் படம் பிறந்தது. அதில் கதாநாயகியாக நடித்த டி. பி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. பின்னணிக் குரல் கொடுக்கும் முறை அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடவும் வேண்டும். ஆதலால் பட முதலாளிகள் குரல் உள்ளவர்களைத் தேடி நாடகக் கொட்டகைகளுக்கு வந்தனர். அவர்களில் ஒருவர் ஹசன்தாஸ். ‘நந்தனார்’ கதையைப் படமாக்க விரும்பிய அவர், சுந்தராம்பாளின் வீட்டு வாயிலை விடாமல் தட்டினார்.

மறுத்துச் சலித்த அம்மையார், கேட்டவர் தாமே ஓடிவிடட்டும் என்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அதற்கும் இசைந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். பவுன் முப்பது ரூபாயைத் தொடாத நாள் அது. ஆயிரம் ரூபாய் சேர்ந்தாற்போல் பார்த்திராத குடும்பங்களே நாட்டில் மிகுதி. தமிழ்த் திரையில் ஒரு நடிகைக்கு இவ்வளவு பெரிய தொகை அதற்கு முன் பேசப்பட்டதில்லை.

தொகையைவிடப் பெரியது அவர் ஏற்ற வேடம். ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியை அவர் கைவிடவில்லை. ஆகவே நந்தனார் வேடத்தையே தாம் ஏற்றார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, சிதம்பரம் சென்று இறைவனைத் தரிசிக்க ஏங்கி, ‘நாளைப் போவேன்’ என்று நாள்களை எண்ணிய பண்ணையாள் நந்தன். விருத்தாசலத்தாருக்குச் சிதம்பரம் தொலைதூர ஊர் அன்று. அக்கோயிலின் வாயிலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவரின் கதை நம் மாவட்டத்துக் கதையே. பண்ணையாரான வேதியராக நடித்தவர் பெரும் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கதையின் முடிவில் வேதியர் நந்தனின் பாதத்தைப் பணிய வேண்டும். மேல்சாதி வித்துவான் ஒருவர், நாடகக்காரி என்று ஊர் ஒதுக்கிய ஒரு பெண்ணின் முன்னால் திரையில் பணிந்து நிற்பது 1935-இல் எளிய செய்தியா என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

படம் 1935-இல் வெளிவந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ‘கல்கி’ எழுதிய விமர்சனம் கேலி நிறைந்தது. மேடையில் மின்னலாக விளங்கிய கலைஞர் காமிராவின் முன் பழக்கமின்றி நின்றதைப் பிறரும் குறை கூறினர். ஆனால் பாட்டுகளைக் குறை கூறியவர் அரிது. அவற்றைக் கேட்கவே மக்கள் வந்தார்கள். 1940-இல் ‘மணிமேகலை’ வெளிவந்தது. துறவு பூண்டு பசித்தோர்க்கு அமுதசுரபியால் உணவூட்டும் மணிமேகலை வேடமும், அம்மையார் தமக்கு வகுத்துக்கொண்ட எல்லைக்குள் அமைந்ததே.

நாட்டுக்கும் அதே குரல்

தேசிய இயக்கம் நாடக மேடையை நன்கு பயன்படுத்திக்கொண்டது. புராண நாடகத்தின் நடுவே காந்தியடிகளைப் பற்றியும் கதரைப் பற்றியும் ஒரு பாட்டு வந்துவிடும். அரசாங்கம் தடை விதிக்கும். மறுநாள் வேறொரு பாட்டு வரும். அம்மையாரின் தேசியப் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் பரவின. தாமே மேடையில் நடித்துப் பழகிய தலைவர் தீரர் சத்தியமூர்த்தி, கலைஞர்களை நாட்டுப் பணிக்கு அழைப்பதில் முன்னின்றார். அவருடைய தூண்டுதலால் சுந்தராம்பாள் காங்கிரசு மேடைகளில் பாடத் தொடங்கினார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, பேச்சாளர் வருமுன் அம்மையார் பாடினால் போதும், கூட்டம் தானே கூடிவிடும் என்ற நிலை இருந்தது.

காமராசர் காலத்துக் காங்கிரசு அவரைச் சென்னை மாநில மேலவையின் உறுப்பினர் ஆக்கியது. இந்தியாவில் திரைத்துறையிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற முதற் கலைஞர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். 1986-இல் கலைக்கப்பட்டுவிட்ட அந்த மேலவையில் வழக்கறிஞர்களும் கல்விமான்களும் நிறைந்திருந்தனர். ரயில் வண்டியில் பாடிய கொடுமுடிச் சிறுமி அவர்களோடு சரியாசனத்தில் அமர்ந்தார். பின்னாளில் திரையுலகிலிருந்து எத்தனையோ பேர் அரசியலுக்கு வந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்னே அக்கதவைத் திறந்தவர் வெள்ளைச் சேலை உடுத்திய இந்த அம்மையாரே.

ஔவையாக

1953-இல் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’ வெளிவந்தது. அம்மையாரின் பெயரைக் கேட்டவுடன் இன்றும் மக்கள் மனக்கண்ணில் தோன்றுவது அந்தக் கோலமே: கையில் ஊன்றுகோல், நரைத்த கூந்தல், நெற்றி நிறையத் திருநீறு. கிழவிக்கு நாட்டைக் கண்டித்துப் பேசும் உரிமை உண்டு. மன்னனுக்கே புத்தி சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமைக்குரிய கம்பீரம் அக்குரலில் இருந்தது.

திருமணப் பேச்சு எழுந்தபோது, இளமையை நீக்கி முதுமையைத் தருமாறு இறைவனை வேண்டிப் பெற்றவள் ஔவை என்பது மக்களிடையே வழங்கும் கதை. இளமை இருக்கும்வரை ஒரு பெண்ணை உலகம் தன் விருப்பப்படி நடமாட விடாது. முதுமை வந்தால் விட்டுவிடும் என்ற கசப்பான அனுபவமே அக்கதையாக வடிவம் கொண்டிருக்கிறது எனலாம். இருபத்தைந்து வயதில் இளமைக் கோலத்தைத் தாமே களைந்துவிட்டுத் தம் வழியே நடந்த சுந்தராம்பாளுக்கு அவ்வேடம் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. படம் வெளிவந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை.

அதன்பின் பதினோர் ஆண்டுகள் கழித்து, 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். அப்படத்துக்கு உரையாடல் தீட்டியவர் மு. கருணாநிதி. அம்மையாரோ காங்கிரசைச் சார்ந்தவர். ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். கட்சியும் கொள்கையும் வேறாயினும், சமணத் துறவியின் அவ்வேடத்துக்கு வேறொருவரை எண்ணிப் பார்க்க இயலவில்லை. 1965-இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படத்தில், பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனைத் தேற்றும் ஔவையாக மீண்டும் வந்தார். ‘மகாகவி காளிதாஸ்’, ‘கந்தன் கருணை’, ‘துணைவன்’, ‘காரைக்கால் அம்மையார்’ முதலிய படங்கள் தொடர்ந்தன. தாத்தா கொட்டகையில் கேட்ட குரலைப் பேரப்பிள்ளைகள் திரையரங்கில் கேட்டார்கள்.

சிறப்புகளும் வந்து சேர்ந்தன. தமிழ் இசைச் சங்கம் 1966-இல் ‘இசைப் பேரறிஞர்’ என்ற பட்டத்தை அளித்தது. 1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது ‘துணைவன்’ படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பாடகியருக்கென அவ்விருது தனியே வழங்கப்படத் தொடங்கி, பி. சுசீலா அதைப் பெற்றிருந்தார். அறுபது வயதைக் கடந்த ஒருவர், இளம் பாடகியர் பலர் கோலோச்சிய காலத்தில் அவ்விருதைப் பெற்றது பெரிதும் வியப்புக்குரியது. 1970-இல் ‘பத்மஸ்ரீ’ விருது வந்தது. 1980-இல் சென்னையில் அம்மையார் காலமானார். கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கொடுத்த விலை

இந்த வாழ்வைப் படித்தபின் ‘எத்துணைச் சிறப்பு!’ என்று வியந்து புத்தகத்தை மூடிவிடுவது எளிது. ஆனால் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது.

நாற்பது ஆண்டுத் திரை வாழ்வில் அம்மையார் நடித்த படங்கள் ஒரு டசன் அளவே. அவ்வளவு பெரிய குரலும், நாடக மேடையில் எதிராளியைச் சொல்லால் மடக்கும் அறிவும் படைத்த ஒருவர், திரையில் ஒரு சாதாரணக் குடும்பப் பெண்ணாகவோ, உழைத்துப் பிழைக்கும் கூலிப் பெண்ணாகவோ, சிரிக்கச் சிரிக்கப் பேசும் தோழியாகவோ முன்னின்று நடித்து நாம் காணவில்லை. அடியார், துறவி, மூதாட்டி: இம்மூன்று வாயில்களே அவருக்குத் திறந்திருந்தன. அவரே விரும்பி அமைத்துக்கொண்ட வேலிதான் அது. இருப்பினும் அந்த வேலி இல்லாமல் அவருக்கு அத்தகைய மதிப்பை ஊர் கொடுத்திருக்குமா? நடிகையைக் கண்டு முகம் சுளித்தவர்கள் வெள்ளைச் சேலையைக் கண்ட பிறகல்லவா கைகூப்பினார்கள்? துறவியாக வாழ்ந்தால்தான் ஒரு கலைஞருக்கு மரியாதை என்றால், அக்குறை கலைஞரிடத்தில் உள்ளதன்று. மரியாதை கொடுக்க வேண்டியவர்களிடத்தில் உள்ளது.

நம் குடும்பங்களிலும் பாடத் தெரிந்த பெண் பிள்ளைகள் உண்டு. பங்குப் பாடகர் குழுவில் அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு மகிழ்கிறோம். கிறிஸ்து பிறப்புவிழா நாடகத்தில் நடிக்க வைத்துக் கைதட்டுகிறோம். அதே பிள்ளை, ‘இதையே நான் தொழிலாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன்’ என்று சொன்னால் வீட்டில் ஒரு மௌனம் சூழ்ந்துகொள்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற கேள்வி எழுகிறது. அந்த நாலு பேரில் நாமும் ஒருவர் என்பது அப்போது நமக்கு நினைவுக்கு வருவதில்லை. கலைத் தொழிலில் இடர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது ஒரு வழி. துணை நின்று, ஊதியம் பேசவும், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், வேண்டாததை ‘வேண்டாம்’ என்று சொல்லவும் பழக்குவது மற்றொரு வழி.

சுந்தராம்பாளுக்கு இரண்டாவது வழியைக் காட்ட எவரும் இல்லை. தாமே கற்றார். தம் குரலின் விலையைத் தாமே சொன்னார். தம் எல்லையைத் தாமே வகுத்தார். வகுத்ததைக் கடைசிவரை காத்தார். முதலாளியும் அரசியல் தலைவரும் அவரிடம் வந்தபோது அவருடைய எல்லையை ஏற்றுக்கொண்டே வந்தார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஓர் ஏழைப் பெண், எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதைச் செய்து காட்டினார். இன்று படிப்பும் சட்டமும் துணைக்கு நிற்கும் நம் பெண்மக்களுக்கு, குடும்பத்தின் துணையும் சேர்ந்துவிட்டால், வெள்ளைச் சேலையின் காவல் தேவைப்படாது.

அடுத்த முறை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அந்தக் கணீரென்ற குரல் ஒலிக்கும்போது, வீட்டுப் பிள்ளைகளை அருகில் அழைத்து உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அது ஔவைப் பாட்டியின் குரல் மட்டும் அன்று. வயிற்றுப் பசிக்காகப் பாடத் தொடங்கி, ஒருவருக்கும் தலைகுனியாமல் பாடி முடித்த ஓர் உழைப்பாளிப் பெண்ணின் குரல் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.